வெள்ளிக்கிழமைச் சித்தப்பா

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹமீது அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஏதாவது கிண்டலாக இருக்கும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"வாயாடி, தனபால் போயிட்டான்மா. அரியமங்கலத்துல கறிக்கடை வாசல்ல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவன், எந்திரிக்கவே இல்லையாம். அண்ணன்கிட்ட சொல்லிரு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன், அதாவது என் அப்பா, எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் இட்லியைப் பார்த்தார். "அடடா, நல்ல மனுஷன்" என்றார். பிறகு, "அந்தக் காரச் சட்னியை இப்படித் தள்ளு" என்றார்.

நான் தள்ளவில்லை.

தனபால் சித்தப்பாவோடும் ஹமீது அண்ணனோடும் ஒரே அறையில் இருந்தவர்களே, முப்பதாம் நாளுக்கு நீங்கள் போடும் சின்ன மலருக்கு என்னை எழுதச் சொன்னீர்கள். அஞ்சலி என்றால் பூ வாசம் வர வேண்டும் என்று எனக்கும் தெரியும். இதில் வேறு வாசம்தான் வரும். முதலில் அவருடைய சாக்ஸ்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் திருச்சி அரியமங்கலத்துக்காரர், வளைகுடாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. நாங்கள் ஸ்ரீரங்கம், அவர் இருந்த அதே வளைகுடா ஊரில் அப்பா ஒரு கம்பெனியில் மேனேஜர். மானேஜர் என்றும் எழுதலாம். எழுதினால் முதலில் மானம் வந்து நின்றுவிடுகிறது, அதனால் வேண்டாம். அந்த ஊரில் தமிழ்ப் படம் போட இருந்தது ஒரே ஒரு பழைய தியேட்டர். வெள்ளிக்கிழமை மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். தனியாக வந்த ஆண்களை, 'பேச்சிலர் நோ' என்று காவலாளி படியிலேயே நிறுத்திவிடுவார். பேச்சிலர் என்றால் பேச்சு இலர் என்று நான் பிரித்துப் படித்துக்கொண்டேன். அங்கே நின்ற அத்தனை பேரும் வாய் திறக்காமல்தான் திரும்பிப் போவார்கள். வாரம் பூரா வெயிலில் வெந்தவர்கள், குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்து, போஸ்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது நினைத்தாலும் அந்தப் படிகள் மேல் துப்பலாம் போலிருக்கிறது.

தனபால் சித்தப்பா பேச்சு இலர் அல்லர். படியில் வைத்து என்னை அம்மா திட்டிய திட்டைக் கேட்டே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணி, நீங்க திருச்சிதானே? இப்படித் திட்ட நம்ம ஊர்ல மட்டுந்தான் முடியும்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளி கை நீட்டி அவரை மறித்தபோது அப்பா திரும்பிப் பார்த்து, "ஹி இஸ் மை பிரதர். என் தம்பி" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரு சித்தப்பா. அப்பாவைப் பொறுத்தவரை அது டிக்கெட் மாதிரி; வாசலில் காட்டிவிட்டுக் கிழித்துப் போடலாம். சித்தப்பா கிழிக்கவில்லை. சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவரோடு படம் பார்ப்பது ஒரு தண்டனை. விளக்கை அணைத்ததும் ஷூவைக் கழற்றுவார். முன்வரிசைக் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்க்கும். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலை இருட்டுக்குள் துப்புவார். அதில் பாதி என் பாவாடையில் விழும். படத்தில் யாராவது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதால், தோளில் கிடக்கும் துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு அதே துண்டை, "கண்ணத் தொடச்சுக்க" என்று என்னிடம் நீட்டுவார். "எனக்குக் கண்ணுதான் சித்தப்பா கலங்குது, வயித்தையும் கலக்காதீங்க" என்பேன். "ஏ வாலு, சித்தப்பன் சளி மருந்துடி" என்பார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, வெட்டிய காட்சிகள். அந்த ஊர்த் தணிக்கையில் கதாநாயகியின் பக்கத்தில் கதாநாயகன் குனிந்தால் போதும், அடுத்த நொடி இருவரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பார்கள். உடனே சித்தப்பா சத்தமாக அறிவிப்பார்: "இந்த எடத்துல ஒண்ணு இருந்துச்சு. வெட்டிட்டானுங்க!"

"தனபாலு, பிள்ளை இருக்கா" என்று அம்மா பல்லைக் கடிப்பார்.

"அதனாலதான் அண்ணி, என்னன்னு சொல்லல."

அரங்கமே சிரிக்கும். அப்பாவோடு வேலை பார்க்கும் அதிகாரிகள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். அப்பா மட்டும் நாற்காலியில் கீழே கீழே சரிந்துகொண்டே போவார்.

படம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அவர் குறை சொன்னதில்லை. ஒருமுறை வெளியே வரும்போது, "குப்பைப் படம், தலை வலிக்குது" என்றேன். "படத்த யாரு பார்த்தா? ஒரு வரிசை முழுக்க நம்ம ஆளுங்களா உக்காந்திருந்தோம்ல, நான் அதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டுப் பெரிதாக ஏப்பம் விட்டார். அந்த மனிதரிடம் உருகுவதற்கு ஒரு நொடிகூட அவகாசம் கிடைக்காது.

பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். ஒரு வருடம் கழித்து அவரும் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். வந்த வாரமே எனக்குச் செய்தி அனுப்பினார்: 'வெள்ளிக்கிழமை படம். இங்க எவனும் வாசல்ல நிறுத்த மாட்டான். நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன். அண்ணன நேர்ல பார்த்துக் கூப்புடணும்.' செய்தி வந்த அன்றே பெரியப்பா மகளுக்கு ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில் நிச்சயதார்த்தம். அம்மாவுக்குப் போன் போட்டு இடத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, கையில் ஒரு தட்டு ஆப்பிள்.

"அண்ணே!" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். அப்பாவின் முகம், திரையில் படம் அறுந்தால் தெரியுமே ஒரு வெளுப்பு, அப்படி ஆனது.

பெரியப்பா கேட்டார்: "யாருப்பா இது?"

அப்பா சொன்னார்: "ஏசி பார்க்க வந்திருக்காரு. கூலிங் சரியில்லன்னு நான்தான் வரச் சொன்னேன்."

நான் வாயைத் திறக்கப் போனேன். என்னைப் பற்றித் தெரியும் உங்களுக்கு, திறந்திருந்தால் அன்றைக்கு மண்டபம் இரண்டாகியிருக்கும். அதற்குள் சித்தப்பா ஆப்பிள் தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "பாப்பா, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்றார்.

வாலு இல்லை, வாடி இல்லை. புடிச்சுக்கறீங்களா.

பட்டுப்பாவாடையோடு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். ஏசியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் கீழே உட்கார்ந்து குறட்டை விடுவது மட்டும்தான். மூடியைத் திறந்தார், இரண்டு தட்டுத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். இறங்கி வந்து, "கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு சார். சொல்லி விடுறேன்" என்றார்.

சார்.

அப்பா தலையாட்டினார். சித்தப்பா படியிறங்கிப் போனார். படத்துக்கு அழைக்கவே இல்லை. அன்றைக்கு விருந்தில் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பக்கத்து இலையில் அப்பா பாயசத்தை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்து அவரைப் பார்த்தது அரியமங்கலத்தில், ஐஸ் பெட்டிக்குள். அப்பாதான் காரை ஓட்டி வந்தார். தெருமுனையில் நிறுத்திவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, இங்க பார்க்கிங் சிக்கல்" என்றார். அம்மாவும் நானும் மாலையோடு பந்தலுக்குள் நுழைந்தோம். ஒரு பெரியவர் எங்களை யார் என்று விசாரித்தார். எங்களை அதுவரை போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த சித்தி, அழுதுகொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்ததும் சொன்னார்: "எங்க மச்சாண்டார், இவரோட அண்ணன் வீடு. வெளிநாட்டுல இவரைக் கூடப்பொறந்த பொறப்பா பார்த்துக்கிட்டவங்க." பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சாண்டார் வரலையாக்கா? அண்ணன் வந்து ஒரு தடவ மொகத்தப் பார்த்துட்டா எடுத்துடலாம். நிறுத்தி வச்சிருக்கோம்" என்றார்.

தெருமுனைக்கு ஓடினேன். கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கினார்.

"அப்பா, உங்களுக்காக எடுக்காம வச்சிருக்காங்க. வாங்க."

"நான் யாரும்மா அவங்களுக்கு? அங்க போய் நின்னா அண்ணன் முறை அது இதும்பாங்க. அதெல்லாம் சரிப்படாது. ஊர்ல இல்லன்னு சொல்லிரு."

கண்ணாடி ஏறியது. நான் திரும்பிப் போய் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "அவரு திரும்ப வெளிநாடு போயிருக்காரு, ஃப்ளைட் கிடைக்கல" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எடுத்துவிட்டார்கள். பறையும் பூவும் பட்டாசுமாகத் தெருமுனையில் எங்கள் காரை உரசிக்கொண்டுதான் சித்தப்பா போனார். உள்ளே அப்பா தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் மேல் விழுந்த சாமந்தியை வைப்பர் போட்டுத் தள்ளினார். இதை எழுதும்போதும் எனக்கு வாயில் கசக்கிறது. அப்பா இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அடுத்த வாரம் பெரியப்பா மகள் கல்யாணம். முந்தின நாள் பெரியப்பா போன் செய்தார்: "வாலுக்குட்டி, வரவேற்புல பன்னீர் தெளிக்க நீதான். காலையிலயே வந்துரு."

"நாங்க வரக்கூடாது பெரியப்பா. தீட்டு."

"என்னடி தீட்டு?"

"பங்காளித் தீட்டு. சித்தப்பா செத்துட்டாரு. உங்களுக்கும் உண்டு."

"எந்தச் சித்தப்பாடி? எனக்குத் தெரியாம எனக்கு எங்கேருந்து இன்னொரு தம்பி?"

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு ஸ்டூல் மேல ஏறி ஏசியத் தட்டினாரே, அவருதான். அப்பாவே எத்தனையோ வெள்ளிக்கிழமை தியேட்டர் வாசல்ல நின்னு சொல்லியிருக்காரு, என் தம்பின்னு. சந்தேகமா இருந்தா கேட்டுக்கங்க, பக்கத்துலதான் இருக்காரு."

போனை நீட்டினேன். அப்பா கை நீட்டவில்லை. பெரியப்பா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தார். அது என் குறும்பு என்றே இன்றுவரை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காகப் பேசியதே இல்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை, ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவும் பூ வைத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் ஆளுக்கொன்றாக அவருடைய எதையோ எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று ஹமீது அண்ணன் சொன்னார். எனக்கு இந்தத் தீட்டு போதும். பதினாறாம் நாளோடு கழிந்துவிட்டது என்கிறார்கள். நான் இன்னும் கழிக்கவில்லை.