ஒடீல் வீட்டு பாய்லரில் இறுகிய தார்

ஒடீல் சுரண்டியை அழுத்தித் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போனது. வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லரின் உள்சுவர் முழுக்கப் புகை படிந்த தார் கறுப்புக் கண்ணாடி போல இறுகிக் கிடந்தது. காலையிலிருந்து ஒரு பிடிகூடப் பெயரவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீர் சூடேறவில்லை. பாய்லர் கதவைத் திறந்தால் புகை வீட்டுக்குள்ளேயே வந்தது. அறுவை சிகிச்சையில் நுரையீரலில் பாதியை இழந்த அக்கா லூசில், நாளை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கேதான் வருகிறாள்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடகோடியில் விறகு விற்பவன் வீட்டில் காய்ந்த விறகு எரியாது. அது வாடிக்கையாளருக்கு. முப்பத்தொரு வருடமாக ஒடீல் எரிப்பது போன மாதம் வெட்டிய பச்சை பிர்ச் மரம்.

கணவன் ரொசேர் நிலவறைப் படியில் இறங்கி வந்தான்.

"இன்னுமா முடியல?"

"உன் பச்சை விறகு பண்ற வேலை இது."

"எங்கப்பாவும் இதைத்தான் எரிச்சாரு."

"ஆமா, ரெண்டு தடவை புகைபோக்கியும் பத்திக்கிச்சு. அதையும் சேத்துச் சொல்லு."

"உளிய வச்சுத் தட்டிப் பாரேன்."

"இரும்புதான் ஓட்டையாகும். காஞ்ச விறகு போட்டு நல்லா காந்த விட்டா இது பொரிஞ்சு செதிலாயிடும். அப்புறந்தான் சுரண்டி. கொட்டகையில இருக்கிற காஞ்ச மேப்பிள் விறக எடுக்கறேன்."

"அது பாதிரியாருக்கு. சனிக்கிழமைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்!"

"அப்ப லூசில அவர் வீட்டுலயே படுக்க வை."

ரொசேர் படியேறி மேலே போனான்.

புகைபோக்கியை அவள் ஞாயிறன்றே துலக்கியிருந்தாள், அதனால் பயமில்லை. காற்றுவாயை அகலத் திறந்து, நான்கு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து மேப்பிளை எரித்தாள். கண்ணாடிக் கறுப்பு மெல்லச் சாம்பல் நிறமானது. நெருப்பை அவித்து ஆறவிட்டுச் சுரண்டியை வைத்தாள். செதில் செதிலாகக் கொட்டியது. இரண்டு வாளி. பிறகு பாய்லரின் ஒவ்வொரு புகைக்குழாயிலும் தூரிகையை விட்டு இழுத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

அவள் கை கழுவுவதற்குள் ரொசேர் நிலவறையின் வெளிக்கதவு வழியாகத் தள்ளுவண்டியோடு வந்து நின்றான். வண்டி நிறைய ஈரம் சொட்டும் பிர்ச்.

"சுத்தமாயிடுச்சில்ல? ராத்திரிக்கு இத..."

ஒடீல் பாய்லர் கதவை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

"திருப்பிக் கொண்டுபோ. இன்னிலேருந்து லூசில் திரும்பிப் போற வரைக்கும் மேப்பிள்தான்."