மண்டியாவில் எடுத்த படம்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். கர்நாடகத்தில் மண்டியா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அறுவடை இயந்திரம் ஓட்டிக் காட்டித் தேறினேன். சான்றிதழ் வாங்குமுன் ஊர் மாறிவிட்டேன். தாள் இல்லாமல் தஞ்சாவூரில் யாரும் வண்டியைத் தரவில்லை.

இங்குள்ள அலுவலகத்தில் அதிகாரி அம்மா என் ஆதார் எண்ணைக் கணினியில் தட்டினார். "இப்ப ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே சிஸ்டம்தாங்க. பாப்போம்."

மழை விட்டு, சன்னல் வழியாக ஈர நெல் வாசனை மிதந்து வந்தது. திரையில் ஒரு முகம் மெல்லத் தெளிந்தது.

"இது நீங்களா? உங்க தம்பி மாதிரில்ல இருக்கு!"

"நான்தாங்க. அப்ப பட்டினி."

சிரித்துவிட்டார். "பாஸ்னு போட்டிருக்கு, சான்றிதழ இங்கயே எடுத்துத் தர்றேன். வலங்கைமான்ல ஓட்ட ஆளில்லாம அறுவடை வண்டி நிக்குது, நாளைக்கே போங்க."

எந்த ஊரும் என்னை நினைவு வைத்திருக்காது என்றே சுற்றி வந்தவன், எழ மனமின்றி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.