பிறஸ்ஸுக்குள் போன இருக்கை

காத்தான்குடிக்குப் பக்கத்தில், வாவிக்கரையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் மீன் குளிர்ப்பெட்டி செய்கிறார்கள். வெட்டி மிஞ்சும் தகரத்தைப் பிறஸ் மெஷினில் அமுக்கிக் கட்டிகளாக்கி, உருக்குவதற்குக் கொழும்புக்கு அனுப்புவார்கள். மெஷினுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்று பதினொரு வருடமாகப் பார்ப்பவர் நுஸ்ரா. வயது நாற்பத்து மூன்று.

அவர் பயப்படுவது குளிர்ப்பெட்டிக்கு நிரப்பும் காஸ் சிலிண்டர்களுக்குத்தான். உள்ளே காஸ் மிச்சமிருக்க அமுக்கினால் வெடிக்கும். அதனால் காலியானதும் உளியால் ஓட்டை போட்டு, மேலே சிவப்புப் பெயின்ற் பூசி விடுவார். சிவப்பு இருந்தால் போடலாம். தகரம் அள்ளிப் போடும் வதனிக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போகும் நேரத்தில் பெண்கள் இருவரும் மெஷின் பெட்டியை நிரப்பி வைப்பார்கள். சென்ற வெள்ளியும் அப்படித்தான். லொறி வாசலில் நின்றது. தொழுதுவிட்டு வந்த மெஷின்காரர் சாலிஹ், தொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். மெஷின் இரைந்தது. வழக்கம்போல் உட்காரப் பின்னுக்குக் கையை நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்ர ஆசனத்த ஆர் களவெடுத்த?"

இரும்பைப் பிரித்தெடுக்க நுஸ்ரா கையில் பிடித்திருந்த காந்தம் அந்தரத்தில் நின்றது. சாலிஹ் உட்காருவது ஒரு பழைய காஸ் சிலிண்டரில். பாதி காஸ் மிச்சமிருக்கிறது, திருத்த வேலைக்கு உதவும் என்று அதை வைத்திருந்தார்கள்.

"வதனி, அது எங்க?"

"போட்டுட்டன் ராத்தா. சிவப்புக் கிடந்திச்சே."

சிவப்பு கிடந்தது உண்மைதான். வேலை முடிந்து தூரிகையைத் துடைக்க நுஸ்ராவுக்கு வசதியாக இருந்தது அந்தச் சிலிண்டர்தான். எத்தனையோ மாதமாக அதில் துடைத்திருக்கிறார்.

"காக்கா, நிப்பாட்டுங்க!"

இரைச்சலில் சாலிஹுக்குக் கேட்கவில்லை. தகரம் முறுகும் சத்தம் வரத் தொடங்கியிருந்தது. நுஸ்ரா ஓடிப்போய் நிறுத்தும் பட்டனை உள்ளங்கையால் அடித்தார். அமுக்கும் தட்டு பாதியில் நின்றது.

"உங்கட கதிரை உள்ளுக்குக் கிடக்கு," என்றார்.

சாலிஹின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தட்டை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். மூவரும் கையுறை போட்டு ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்தார்கள். லொறிக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "என்ன, மோதிரம் விழுந்திட்டா?" என்று கேட்டார்.

அடியில், பெட்டிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது சிலிண்டர். ஒரு பக்கம் உள்ளங்கையளவு நெளிந்திருந்தது. சாலிஹ் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் வெளியே கொண்டுபோய் நிழலில் வைத்தார். உள்ளே திரவமாய் மிச்சமிருந்த காஸ் தளும்பும் சத்தம் மூவருக்கும் கேட்டது.

"பிழை என்ர, காக்கா. வதனிய ஏசாதீங்க. தூரிகைய அதில துடைச்சது நான்."

"இது வெடிச்சிருந்தா நான் ஆரத்தான் ஏசுற?" என்றார் சாலிஹ். வதனிக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையானது.

நுஸ்ரா எடுத்துப் போட்ட குவியலின் முன் குந்தினார். அதில் சிவப்புப் பூசிய சிலிண்டர்கள் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றாக உருட்டி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்பதிலும் ஓட்டை இருந்தது. முதலாவதிலிருந்து மறுபடியும் தொடங்கினார். லொறி ஹோர்ன் அடித்தது.

பெட்டி திரும்ப நிரம்பியதும் சாலிஹ் பட்டனருகே போய் நின்றார். ஆனால் அழுத்தவில்லை.

"நீ சொல்லு புள்ள. சொன்னாத்தான் அமத்துவன்."

பதினொரு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. நுஸ்ரா வதனியை வாசலுக்கு அப்பால் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தான் மெஷினருகே வந்து நின்று தலையை அசைத்தார்.