எலிசபெத் அண்ணி போட்ட கைக்குட்டை

எங்கள் அண்ணி எலிசபெத்துக்கு நடக்கவே தெரியாது. கடைக்குப் போனாலும் ஓட்டம், சர்ச்சுக்குப் போனாலும் ஓட்டம். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் வேறு எப்படி இருப்பார்? சாயங்கால வண்டி நிற்பதற்குள் பாய்ந்து ஏறி, ஜன்னலோரம் கைக்குட்டையைப் போட்டுவிடுவார். அப்புறம் அது அவருடைய ஆட்களின் இடம். எவனும் வாய் திறக்க மாட்டான். "வண்டி எடுத்துட்டான், வாங்க!" என்று அவர் கதவருகில் நின்று போடும் சத்தத்தில், பெங்களூரிலேயே செக்யூரிட்டி வேலை பார்த்த என் அண்ணன் வின்சென்ட் சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்து கையைப் பிடித்து ஏறுவார்.

அதெல்லாம் போன வருடம் வரைதான். முழங்காலில் ஆபரேஷன் ஆனதும் அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டார். கால் நன்றாகக் கூடிவிட்டது, ஓடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பயம்தான் விடவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு செக்யூரிட்டியைப் போட்டுவிடுவோம் என்று ஆபீசில் சொன்ன பிறகும் அவர் அசையவில்லை.

"அந்தக் கும்பல்ல ஓடி ஏற என்னால ஆவாது. வேலைய வுட்டுடறேன்" என்றார்.

அண்ணிக்கு வந்ததே கோபம்! அந்தத் திங்களுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நான் குடியிருக்கும் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் குடும்ப ஓட்டம் நடத்துகிறார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அண்ணி தன் பெயரோடு அண்ணன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். குடும்பத்துக்கு மூன்று பேர். கடைசிக் கோட்டை மூவரும் கைகோத்துத்தான் தாண்ட வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரையில் வரிசையாக நின்றோம். என் பக்கத்து வீட்டு பக்தவச்சலம் குடும்பத்தோடு மஞ்சள் பனியனில் ஜொலித்தார்.

"இன்னா வின்சென்ட், ஆட்டோ சொல்லட்டா?"

நான் அவரை முறைத்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

விசில் ஊதினார்கள். அவ்வளவுதான், அண்ணியைக் காணோம்! விசில் என்றால் ரயில் என்றுதானே அந்தக் கால்களுக்குத் தெரியும். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, காலேஜ் பிள்ளைகளையெல்லாம் தள்ளிக்கொண்டு பறந்தார்.

"அண்ணி, சேந்து ஓடணும்!" என்று கத்தினேன். யார் காதில் விழுகிறது?

நானும் அண்ணனும் பின்னால் மெதுவாக ஓடினோம். எங்கள் தெருமுனை வந்ததும் அண்ணன் நின்றுவிட்டார்.

"வலிக்குதாண்ணா?"

"வலியில்ல ஸ்டெல்லா. மடங்கிடுமோன்னு பயமா கீது. நீ போ."

நான் மட்டும் போய் என்ன செய்ய? அண்ணன் பக்கத்திலேயே நின்றேன். மஞ்சள் பனியன்கள் எங்களைத் தாண்டிப் போயின.

தெருக் கோடியில் கோடு தெரிந்தது. கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தார். பழக்க தோஷம், கோட்டின்மேல் கைக்குட்டையைப் போட்டிருந்தார்! மற்ற குடும்பத்தார் சிரித்துக்கொண்டே அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் அவர் தெருவே அதிரக் கத்தினார்.

"என்னாங்க! வண்டி எடுத்துட்டான்! வாங்க!"

அண்ணன் ஓடினார்! யோசித்தெல்லாம் ஓடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படி ஓடினார். வாசலில் நின்றவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் கூச்சல் போட்டார்கள். மஞ்சள் பனியன்களை முந்தினோம். பக்தவச்சலம் வாயைப் பிளந்ததை நான் திரும்பி ஆசை தீரப் பார்த்தேன். அண்ணி கையை நீட்டினார். அண்ணன் எட்டிப் பிடித்தார். மூவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினோம்.

எத்தனையாவதாக வந்தோம் என்று எனக்கு இன்னும் தெரியாது. பக்தவச்சலத்துக்கு முன்னால் வந்தோம், அது போதும். அண்ணன் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் குனிந்திருந்தார். பதறிப் போய்ப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்து, தூசி தட்டி, அண்ணியிடம் கொடுத்தார்.

"நாளைக்கு எனக்கும் சேத்து எடம் போடு."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு வருசமா தெனம் உனக்கும் சேத்துதான்யா போடறேன்" என்றார்.