கடுப்பு

நிர்மலா டீச்சருக்கு வேலை கிடைத்ததே அவள் வாயால்தான். திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் துரைக்கண்ணுவின் மகள். அப்பாவைத் தெலுங்கில் நைனா என்று கூப்பிட்டு, அம்மாவிடம் தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள். எது எந்த பாஷை என்று பிரித்துப் பார்க்கிற பழக்கமே அந்த வீட்டில் கிடையாது.

அப்போது பள்ளிக்கூடம் என்பது நகரி சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதை ஆரம்பித்த நாராயணசுவாமி சார் ரிட்டயர்டு தலைமையாசிரியர், கோபக்காரர். ஆந்திர எல்லையோரத்துப் பிள்ளைகள் பாஷை புரியாமல் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர். தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கட்டும் என்றுதான் ‘இருமொழிப் பள்ளி’ என்று போர்டு மாட்டினார். நிர்மலாவை வேலைக்கு எடுக்கும்போது ஒரே கேள்விதான் கேட்டார்.

“கொழந்தைக்கு வலிச்சா எந்த பாஷையில அழுவுமோ, அந்த பாஷை டீச்சருக்குத் தெரியணும். உனக்குத் தெரியுமா?”

“ரெண்டுலயும் அழுவேன் சார்,” என்றாள் நிர்மலா. மனிதர் சிரித்துவிட்டார். தான் கேட்டதைக் கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தார்.

அவர் கண்ணை மூடிய கையோடு, மகன்கள் பள்ளியைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கைமாற்றிவிட்டார்கள். கண்ணாடிக் கட்டடம் வந்தது, ஏ.சி. பஸ் வந்தது, ‘சர்வதேச’ என்ற சொல்லும் வந்தது. பழைய கொட்டகைச் சுவரில் இருந்த வாசகத்தின் மேல் வெள்ளை அடித்தார்கள். ‘இருமொழி’யை மட்டும் விடவில்லை, கேட்பதற்கு நன்றாக இருந்ததாம். இப்போது அந்த இரண்டு மொழி, ஆங்கிலமும் பிரெஞ்சும். திருத்தணியில் பிரெஞ்சை யாரிடம் பேசுவது என்று மலைமேல் இருக்கிற முருகனைத்தான் கேட்க வேண்டும்.

பழைய டீச்சர்களில் தாக்குப்பிடித்தவள் நிர்மலா ஒருத்திதான். அதுவும் சும்மா இல்லை. யூ.கே.ஜி. பிள்ளை ஒன்றை “ரா கண்ணா” என்று வாய் தவறித் தெலுங்கில் கூப்பிட்டதற்கு, பிரின்சிபால் ராஜீவ் அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார். இன்னொரு முறை தமிழோ தெலுங்கோ காதில் விழுந்தால் வேலை இல்லை என்றார். வேலை போனால், அதே பள்ளியில் படிக்கும் மகள் சௌமியாவின் இலவச இடமும் போகும். வீட்டுக்காரன் தணிகைவேலுக்கோ, சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில்தான் வேலை.

“நீ இன்னாத்துக்கு வாய வுடற? அவன் இங்கிலீஷ்ல கேட்டா இங்கிலீஷ்ல சொல்லிட்டு வந்துகினே இரு,” என்றான் தணிகைவேல்.

“ஆங்,” என்றாள். அன்றிலிருந்து வாயைக் கட்டினாள். நைனாவிடம் போனில் பேசுவதைக்கூடப் பள்ளி கேட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டாள்.

கம்பெனி ஆட்கள் பள்ளியைப் பார்வையிட வந்த அன்று, அவள் வகுப்பில், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து வரும் ராம் காலையிலிருந்தே மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தான். புதிதாகச் சேர்ந்தவன், தெலுங்கைத் தவிர வேறு வராது. ராஜீவ் விருந்தாளிகளை வகுப்புக்குள் அழைத்து வந்தார். அவர்களில் ஒரு அம்மாள் குனிந்து, உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பையன் நிமிர்ந்து நிர்மலாவைப் பார்த்தான்.

“கடுப்பு,” என்றான். “கடுப்பு, மிஸ்.”

வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. “பாத்தீங்களா, நம்மளப் பாத்தா அவனுக்குக் கடுப்பாவுதாம்!” என்று ராஜீவ் சொல்ல, விருந்தாளிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சென்னைக்காரர்களுக்குக் கடுப்பு என்றால் எரிச்சல். நகரிப் பிள்ளையின் தெலுங்கில் அது வயிறு.

நிர்மலாவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளும் அந்தச் சொல்லைச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதவள்தான். பையன் அவளையே பார்த்தான். எங்கே வலிக்கிறது என்று தெலுங்கில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ராஜீவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். தெரியாதவர்கள் சிரித்ததை மன்னித்துவிடலாம், தெரிந்தவள் சிரித்ததை என்னவென்று சொல்வது! பையன் மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அவர்கள் போனதும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர்கள் போனால்தானே! பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள், படம் பிடித்தார்கள், அதற்குள் பஸ் ஏறும் நேரம் வந்துவிட்டது. அன்று கிருத்திகை. மலையடிவாரத்துக் கூட்டத்தில் பஸ் வெகு நேரம் மாட்டிக்கொண்டது. வீடு சேரும்போது பையன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள் திருப்பதி ஆஸ்பத்திரியில். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, ராமின் தாய் சாய்லக்ஷ்மி மகனுடைய பையை வாங்கிப்போகப் பள்ளிக்கு வந்தாள். ராஜீவ் உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே ஏதோ கேட்டாள். மறுபடியும் அதையே கேட்டாள். ராஜீவ் திருதிருவென்று விழித்தார்.

“இங்க யாருக்காவது தெலுங்கு தெரியுமா?” என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினார்.

பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்த நிர்மலா உள்ளே போனாள். “எனக்குத் தெரியும் சார். அன்னிக்கு எம்புள்ள ஒண்ணுமே சொல்லலியான்னு கேக்குறாங்க.”

“சொல்லலன்னு சொல்லுங்க. சொல்லியிருந்தா நாம சும்மா இருந்திருப்போமா?”

நிர்மலா தாயின் பக்கம் திரும்பிப் பையை அவள் கையில் கொடுத்தாள். இத்தனை நாளாகக் கட்டிப்போட்டிருந்த தெலுங்கு தடையில்லாமல் வந்தது. சொன்னான் என்றாள். கடுப்பு என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான் என்றாள். சாய்லக்ஷ்மி அவள் முகத்தையே பார்த்து, மெதுவாக இன்னொன்று கேட்டாள். அதற்கும் நிர்மலா ஒரே சொல்லில் பதில் சொன்னாள். அந்தத் தாய் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன கேட்டாங்க? நீங்க என்னங்க சொன்னீங்க?” என்று ராஜீவ் பதறினார்.

“அதுக்கு நீ இன்னா பண்ணேன்னு கேட்டாங்க சார்,” என்றாள் நிர்மலா. “சிரிச்சேன்னு சொன்னேன்.”