பஜ்ஜி எண்ணெயில் பாடு போன கங்காதரன்

பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவில் போய் கங்காதரன் வீடு எது என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்டமாட்டார்கள். "மீன் வறுவல் வாசன எங்கேர்ந்து வருதோ, அங்க போ" என்பார்கள். நம்பிப் போனால் அங்கே வறுவல் இருக்காது. பூவரச மரத்தில் ஒரு பழைய உள்பாவாடை மூட்டைபோலத் தொங்கும். அதிலிருந்து கீழே இருக்கும் டிரம்முக்குள் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நாற்பத்தேழு வயது ஆள் ஒருவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பான். ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறவர்கள்கூட அவ்வளவு மிடுக்காக நிற்கமாட்டார்கள். அவன்தான் கங்காதரன்.

பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கணக்கில் கோட்டைவிட்டவன். எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். திரும்பி வரும்போது ஒரு ஸ்பேனர் செட்டும், மெக்கானிக் என்று தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டமும் கூட வந்தன. அவன் பிரித்து மாட்டுகிற எந்த மிஷினிலும் கடைசியில் இரண்டு போல்ட் மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டுக்கீறான்" என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுவான். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை. கூரையில் ஓட்டையை அடைத்தவன் மச்சான் முத்துவாக இருக்கும். டீக்கடையில் கதை சொல்லும்போது ஏணியில் ஏறியவன் கங்காதரனாக இருப்பான்.

முத்து அவன் பெண்டாட்டி தேவியின் தம்பி. போட்டில் கூடவே வருகிறவன். எந்நேரமும் பசி என்பது தவிர அவன்மேல் வேறு குறை சொல்ல முடியாது.

இனி பாடு. ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடுகிற நல்ல இடத்துக்கு ஊர் முறை வைத்திருக்கிறது. சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னார் என்று நோட்டில் எழுதுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு நாளில் சூரியன் தண்ணீருக்கு மேலே தலை காட்டுவதற்குள் இடத்துக்குப் போய் வலை கட்டுகிற முதல் கம்பை நட்டுவிட வேண்டும். நடவில்லை என்றால், நோட்டில் அடுத்த பேருக்கு உரியவன் வலையோடு பக்கத்திலேயே காத்திருப்பான்; அவன் நட்டுவிடுவான். ஒரு வருடத்தில் மூன்று தடவை தவறினால் நோட்டிலிருந்து பேரையே அடித்துவிடுவார்கள்.

கங்காதரன் இந்த வருடம் இரண்டு தடவை தவறிவிட்டான். ஒரு தடவை மஞ்சள் காமாலை. இன்னொரு தடவை, டப்பாவில் கிடந்த போல்ட்களில் ஒன்று அழகுக்காகப் போட்டதில்லை என்று நடு ஏரியில் தெரியவந்தது.

மூன்றாவதும் போனால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தேவியின் சித்தப்பா மகன் ஒருவன் அப்படித்தான் பேர் அடிக்கப்பட்டு, கம்பெனி கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு லாரி நம்பர் எழுதுகிறான். பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்தால் கரையில் யாரும் அவனிடம் காற்றைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்தச் சட்டை நிறத்தைக் கண்டாலே கங்காதரன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். தேவி சனி ஞாயிறுகளில் பழவேற்காடு மார்க்கெட் பக்கம் மீன் வறுத்து விற்கிறாள். சென்னையிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் பறவையைப் பத்து நிமிஷம் பார்ப்பார்கள், வறுவலை ஒரு மணி நேரம் சாப்பிடுவார்கள். வறுத்த எண்ணெயை அவள் மறுபடி சட்டியில் ஊற்றமாட்டாள். "கறுத்த எண்ணெல பொரிச்சா எம் பேரு கலீஜ் ஆய்டும்" என்று கீழே கொட்டிவிடுவாள். ஒருநாள் கங்காதரன் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். அதில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டல் எண்ணெயை வடிகட்டி வேனில் ஊற்றி ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போனார். அவர் பேசியது புரியாததால் இவன் சத்தத்தை அணைத்துவிட்டு வாயசைவை மட்டும் பார்த்தான். அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். வேனில் இரண்டு டேங்க் இருந்தது. ஒன்றைக் காட்டி ரொம்ப நேரம் விரலை ஆட்டிப் பேசினார். கங்காதரன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டதாக முடிவு செய்துவிட்டான்.

"ஒரு மிஷினுக்கு எதுக்குடா ரெண்டு டேங்கு? ரெண்டு பொண்டாட்டி கட்ன கதையா பூடும்" என்றான் முத்துவிடம்.

கண்டுபிடிப்பு அவனுடையது. வேலை தேவியுடையது. தன் கடை எண்ணெயோடு பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்து பஜ்ஜிக் கடைகளின் எண்ணெயையும் டின்னில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தவள் அவள். அதை மூன்று நாள் வெயிலில் வைத்து, கசடை அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு எடுப்பாள். அடியில் மிளகாய்ப் பொடியும் கறிவேப்பிலையும் இறால் தலையுமாகச் சேறு கிடக்கும். தெளிந்ததைப் பழைய வலைத்துண்டில் ஒரு தடவையும் பாவாடையில் இரண்டு தடவையும் வடிகட்டுவாள். பிறகு பெரிய சட்டியில் காய்ச்சுவாள். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் படபடவென்று வெடிக்கும். சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். இதை அவளுக்கு எந்த வெள்ளைக்காரரும் சொல்லித்தரவில்லை. கை முழுக்கக் கொப்புளம் வாங்கிக் கற்றுக்கொண்டது.

அதைக் கங்காதரன் போட் டேங்கில் ஊற்றினான். போட் ஓடியது! ஊரே வாயைப் பிளந்தது. புகை வந்த இடமெல்லாம் பசி வந்தது. "மாமா, இது நம்ம அக்கா கட எண்ண. இது ஸ்டேசன் மசால் வட" என்று முத்து புகையை மோந்தே கடையைச் சொல்வான். போட் கரைக்கு வந்தால் பூனைகள் வரிசையில் வந்து உட்காரும். டீக்கடையில் கங்காதரனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மிச்சம் இருந்த இரண்டு கேன் டீசலை, நோட்டில் தனக்கு அடுத்த பேர்க்காரனான பங்காளி ராஜேந்திரனிடம் நீட்டி, "வெச்சிக்கோ ராஜேந்திரா, எனக்கு இன்னாத்துக்கு? நான்தான் எண்ணெக் கெணறே வெச்சிக்கீறேனே" என்றான். ராஜேந்திரன் சிரிக்காமல் வாங்கிக்கொண்டான்.

தேவி மட்டும் ஐப்பசியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யோவ், இதெல்லாம் பாமாயிலு. மார்கழில டின்னுக்குள்ள வெள்ளையா ஒறஞ்சி நிக்கும். நான் வருசா வருசம் அடுப்பாண்ட வெச்சித்தான் எடுக்கறேன்."

"அது டின்னு. இது மிஷினு. சூட்டுல தானா உருகும். நீ கம்முனு கெட."

"மிஷினு ஓடுனாத்தான்யா சூடு. அது ஓடறதுக்கு முன்னாடி?"

பதில் இல்லாத கேள்வியை அவன் கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மார்கழியில் அவனுக்குப் பாடு வந்தது. ஐந்தரை மணி. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத பனி. மற்ற போட்களெல்லாம் போய்விட்டன. ராஜேந்திரனும் இவன் கொடுத்த டீசலில் சத்தமாகக் கிளம்பிப் போய், பாடு இடத்தில் காத்திருக்கிறான். கங்காதரன் மிஷினைச் சுற்றினான். ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றினான். கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். முத்து டேங்க் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டான்.

"மாமா, நெய்யாட்டம் கீது. பொங்கலுக்கு ஊத்தலாம்."

டேங்க், பைப், பில்டர் எல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. கங்காதரன் அப்படியே போட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். வேனில் இன்னொரு டேங்க், மிஷினைக் கிளப்புகிற டீசலுக்கு என்று இப்போதுதான் புரிந்தது. வாயிலே வந்த வசவையெல்லாம் வெள்ளைக்காரருக்குக் கொடுத்தான். கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரம். சூரியன் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. நீலச் சட்டை கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது தண்ணீரைக் கலக்கிக்கொண்டு யாரோ வந்தார்கள். தலையில் துண்டு, மேலே முத்துவின் பழைய சட்டை, ஒரு கையில் கடையின் ஒற்றை அடுப்பு, இடுப்பில் சின்ன சிலிண்டர், தோளில் சட்டி. தேவி.

"மிஷினு சத்தம் கேக்கலியேனு பாத்தேன். தள்ளு" என்று ஏறினாள்.

"ஏய், பாடு போற போட்டுமே! பொம்பள ஏறக்கூடாது!"

"யாரு சொன்னது?"

யாரும் சொன்னதில்லை. நோட்டிலும் எழுதியதில்லை. ஆனால் இதுவரை யாரும் ஏறியதும் இல்லை.

"எறங்கவா?" என்றாள் தேவி. "எறங்கி நேரா சட்ட அளவு குடுக்கப் போவட்டுமா, நீல கலருல?"

அவன் ஒதுங்கி இடம் விட்டான். முத்து கழியை ஊன்றித் தள்ள ஆரம்பித்தான். தேவி நடு போட்டில் அடுப்பை வைத்து, உறைந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்துச் சட்டியில் போட்டு உருக்கினாள். கங்காதரன் பைப்பையும் பில்டரையும் கழற்றி, அவள் ஊற்றிய சூடான எண்ணெயிலேயே கழுவினான். இந்தத் தடவை ஒரு போல்ட்கூட மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவு பயம். உருகியதைத் தகரக் கேனில் ஊற்றி, பைப்பை அதிலேயே செருகி, கேனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சுத்துடா!" என்றான். முத்து சுற்றினான். நாலாவது சுற்றில் மிஷின் தும்மியது. ஐந்தாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

"ஓடுது! ஓடுதுமே!" என்று கத்தினான் கங்காதரன்.

"கேன ஆட்டாத! காத்து பூந்துச்சின்னா நின்னுடும்" என்றாள் தேவி, அடுத்த சட்டியை உருக்கிக்கொண்டே.

அப்படியே போனார்கள். பனிக்குள் ஒரு போட், நடுவில் எரிகிற அடுப்பு, கொதிக்கிற சட்டி, சுற்றிலும் வஞ்சிரம் வறுத்த வாசனை. பாடு இடத்தை நெருங்கும்போது கிழக்கே பனிக்குள் சிவப்பாகக் கசிந்துவிட்டது. ராஜேந்திரனின் போட் நிழல் மாதிரி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நோட்டைப் பார்க்கிற ஊர்ப் பெரியவர் கருப்பனின் தோணி. நீரோட்டம் இழுத்தது. முத்து கழியை ஊன்றி இரண்டு கையாலும் போட்டை நிறுத்திப் பிடித்தான். கங்காதரன் கேனை இறக்கினால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் நீரோட்டம் போட்டை இடத்தைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும்.

"கம்பு! கம்ப நடு மச்சான்!"

"எத்தினி கை மாமா எனுக்கு?"

தேவி அடுப்பை அணைத்தாள். கம்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். நெஞ்சளவுத் தண்ணீர். கம்பைச் சேற்றில் வைத்து, முழு உடம்பையும் அதன்மேல் போட்டு, திருகித் திருகி இறக்கினாள். அது நின்றதும் சூரியன் விளிம்பு காட்டியது.

கருப்பனின் தோணி மெதுவாகப் பக்கத்தில் வந்தது.

"கம்பு நட்டுட்டீங்க. பனில ஆளு தெர்ல. நட்டது யாரு?" என்றார் கருப்பன்.

"போட்ல பொம்பள வந்துக்கீது நைனா" என்றான் ராஜேந்திரன், வலையைக் கையில் எடுத்துக்கொண்டே. "பொம்பள நட்டுருந்தா இது செல்லாது. பாடு எனுக்குத்தான்."

கங்காதரன் தேவியைப் பார்த்தான். கழுத்துவரை நனைந்து, பல் கிட்டித்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் புதிதாக இரண்டு கொப்புளம். அவள் மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீதான்னு சொல்லுய்யா" என்றாள்.

சொல்லியிருப்பான். நாற்பத்தேழு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டு திரிகிறான். முத்து வாயைத் திறக்கமாட்டான். ஒரே ஒரு வார்த்தை, பேர் நோட்டில் நிற்கும். ஆனால் அவளே அதைச் சொன்னதும் அவனுக்கு வெட்கம் பொத்துக்கொண்டு வந்தது. இவளிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், இதையுமா என்று நினைத்தான்.

"நான் இல்ல நைனா. எம் பொண்டாட்டிதான் நட்டா" என்றான். "எண்ணெய உருக்குனதும் அவதான். நாலு மாசமா வடிகட்டுனதும் அவதான். ஒறையும்னு சொன்னதும் அவதான். நான் டீக்கடைல பேசுனேன், அவ்ளோதான். பேர அடிக்கிறதுன்னா அடிச்சிக்கோங்க."

ராஜேந்திரன் வலையை அவிழ்க்க ஆரம்பித்தான். கருப்பன் தோணியைக் கம்புக்குப் பக்கத்தில் ஓட்டிவந்து, கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி ஆட்டினார். தோணிதான் ஆடியது.

"ராஜேந்திரா, நீ வந்து ஆட்டு."

ராஜேந்திரன் ஆட்டிப் பார்த்தான். கம்பு அசையவில்லை.

"போன பாட்டுல நீ நட்ட கம்பு இன்னா ஆச்சு?"

"சாஞ்சிட்ச்சி நைனா."

"உம். அத நட்டது ஆம்பளதான?" என்றார் கருப்பன். "வலைய மடிச்சி வெச்சிட்டு, அந்தப் பொண்ண மேல தூக்கி உடு. வெறச்சிப் போவுது."

ராஜேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினான். தேவி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தன் போட்டின் விளிம்பைப் பிடித்து, தானே ஏறினாள். கங்காதரனுக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. கேனைத் தலைக்கு மேல் பிடித்திருந்ததால் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. என்னவோ சொல்ல வாயைத் திறந்தான்.

தேவி துண்டைப் பிழிந்து அவன் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"அழுவறத அப்பால வெச்சிக்கோ" என்றாள். "ரெண்டாவது கம்ப எடு. இத நீ நடு."