வலப்பக்கம் விட்ட இடம்

முதல் நாள் படப்பிடிப்புக்கு வந்திருந்தவர்கள் நான்கு பேர். நான். நியூ டவுன் ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரும் தீதி, வங்காளியில் அக்கா; சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுப்பவள், கேமரா அவளுடையது. பெஹாலாவில் எங்கள் தெரு க்ளப்பின் காரியதரிசி, ஊருக்கெல்லாம் தாதா, அதாவது அண்ணன். அப்புறம் அப்பா. அம்மா வரவில்லை. "பழைய திரைச்சீலைய வெட்டி அங்கி தச்சுக் குடுத்தாச்சு. நீ வாள வச்சிக்கிட்டு நிக்கதயும் நான் வந்து பாக்கணுமாக்கும்?" என்றுவிட்டாள். விளக்குக்காரனும் வரவில்லை. அந்தப் படத்தை நான் ஆரம்பித்ததே அவனை வரவழைக்கத்தான்.

விளக்குக்காரன் என் பள்ளித் தோழன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். அவன் அப்பா மத்திய அரசு அதிகாரி. என் பள்ளி விண்ணப்பங்களை அவன்தான் நிரப்பித் தருவான். அவர்கள் குவார்ட்டர்ஸில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டை ஆடப் பழகினோம். தண்ணீரில் மூழ்கிப்போன ஒரு ராஜ்யம். அதன் வழியே இரண்டு பேர் நடந்துபோக வேண்டும். ஒருவனிடம் வாள், ஒருவனிடம் விளக்கு. பத்தடிக்கு மேல் விலகினால் விளக்கு அணைந்துவிடும், இரண்டு பேரும் செத்துப்போவார்கள். வாள் எனக்கு, விளக்கு அவனுக்கு.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார்கள். அதன்பிறகு ஏழு வருஷம் அவன் என் ஹெட்போனுக்குள் இருந்தான். முதலில் தினமும் ஆன்லைனில் ஆடினோம். வேலை கிடைத்ததும் சனிக்கிழமை மட்டும். பிறகு சனிக்கிழமையும் இல்லை. நான் மட்டும் உள்ளே போய், முதல் கதவுக்கு முன்னால் வாளோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். தனியாக ஆடினால் அந்தக் கதவு திறக்காது.

ஒருநாள் போன் செய்து, "இத நிஜ ஆளுங்கள வச்சு குட்டிப் படமா எடுப்பம்டா" என்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் குரலில் பழைய வேகம் வந்தது. "துர்கா பூஜைக்கு வரேன்டா. விளக்க வேற எவன்கிட்டயாவது குடுத்த, கொன்னுடுவேன்."

அந்த வருஷம் எங்கள் க்ளப்பின் பூஜைப் பந்தலே மூழ்கிய அரண்மனை மாதிரிதான் இருந்தது. மூங்கில் மேல் துணியும் பிளாஸ்டரும் வைத்து உடைந்த தூண்கள், சணல் நாரில் பாசி. துர்க்கையைக் கரைத்த மறுநாள் ஒருநாள்தான் அது சும்மா நிற்கும். அதற்கு அடுத்த காலை பந்தல் போட்ட டெகரேட்டரின் ஆட்கள் பிரிக்க வந்துவிடுவார்கள். அந்த ஒருநாளை தாதாவிடம் கேட்டு வாங்கினேன்.

"படத்துல என் பேரு வருமா?"

"வரும் தாதா."

"எந்த சைஸ்ல?"

முதல் நாள் காலை அவனிடமிருந்து செய்தி: லீவு கிடைக்கவில்லை, நாளைக்குப் பார்க்கிறேன். நான் தனியாக நடக்கிற காட்சிகளை எடுத்தோம். தாதாவிடம் இன்னும் ஒருநாள் கேட்டேன். "மூங்கில் சும்மா நின்னாலும் வாடகைடா, வந்துட்டுத் திரும்பிப் போற ஆளுக்கும் கூலி" என்றார். நான் தருகிறேன் என்றேன். இரண்டாம் நாள் தெருமுனையில் மஞ்சள் டாக்ஸி திரும்பும்போதெல்லாம் வசனத்தை விட்டேன். "நீ நடிக்கிறியா, சவாரி பிடிக்கிறியா?" என்றாள் தீதி. சாயங்காலம் இன்னும் ஒருநாள் கேட்டேன். தாதா வாடகைக் கணக்கில் இன்னொரு நாளைச் சேர்த்து, இரண்டு விரலைக் காட்டினார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "எனக்கு இடம் விட்டு எடுத்துடுங்கடா. நான் இங்க பச்சைத் துணி முன்னாடி நின்னு எடுத்து அனுப்பறேன், ஒட்டிக்கலாம்."

தீதி என் முகத்தைப் பார்த்தாள். பந்தலுக்குப் பின்னால் மிச்சம் கிடந்த குவியலிலிருந்து ஒரு மூங்கிலை உருவி, என் கண் உயரத்தில் சிவப்பு நூல் கட்டினாள். விளையாட்டில் இரண்டு பேரும் ஒரே உயரம்தான். அப்பா அதை எனக்கு வலப்பக்கம், தூணுக்குப் பின்னால் குந்தியபடி பிடித்துக்கொண்டார். நூல்தான் அவன் கண்; நான் அதைப் பார்த்துப் பேச வேண்டும். அவன் வசனங்களை அப்பாவுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தேன். 'அஞ்சாதே, நம்மிடம் ஒளி இருக்கிறது' என்று எழுதியிருந்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து, "பயப்படாதல, லைட்டு இருக்குல்லா" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ் தெரியாத தீதியும் சேர்ந்து சிரித்தாள். எட்டாவது தடவை அப்பா மூங்கிலை இறக்கிவிட்டுக் கேட்டார். "ஏல, அந்தப் பய நெசமாவே வருவானா, மாட்டானா?"

"அனுப்புவான்ப்பா."

"அனுப்பத கேக்கல."

பன்னிரண்டு நாள் கழித்து அனுப்பினான். நன்றாகவே செய்திருந்தான். மீசை வைத்திருந்தான். விளக்கை மார்புக்கு நேராகப் பிடித்து, பக்கவாட்டில் பார்த்து, ஒரு வார்த்தை பிசகாமல் பேசியிருந்தான். ஆபீஸில் மதிய இடைவேளையில் தீதி தன் லேப்டாப்பில் அவனை நான் விட்டுவைத்திருந்த இடத்தில் வைத்தாள். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எனக்கு முதுகு காட்டி, திரைக்கு வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

உடனே போன் செய்தேன். "எங்கடா பாக்குற?"

"உன்னத்தான். நீ எப்பவும் எனக்கு வலப்பக்கம்தானே?"

"இல்லடா, நீதான் எனக்கு வலப்பக்கம்."

 அப்புறம்தான் உறைத்தது. அந்த விளையாட்டு ஆடுகிறவனை எப்போதும் திரையில் இடப்பக்கம் வைக்கும், கூட வருகிறவனை வலப்பக்கம். ஒரே நாற்காலியில் ஒரே திரையைப் பார்த்த வரைக்கும் அது பிரச்சினையில்லை. இந்த ஏழு வருஷமும் அவன் திரையில் அவன் இடது, நான் வலது. என் திரையில் நேர்மாறு.

"இன்னொரு தடவை எடுத்து அனுப்புடா. இந்தப் பக்கம் திரும்பி."

"அதுக்கு என்னடா, கண்ணாடில தெரியற மாதிரி அப்படியே ஃப்ளிப் பண்ணிக்கோ. யாருக்குத் தெரியப்போவுது?" பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "மீட்டிங்டா, அப்புறம் பேசறேன்."

தீதி ஒரு பொத்தானை அழுத்தினாள். அவன் என் பக்கம் திரும்பினான். நூல் இருந்த அதே உயரத்தில் கண்கள். "ஆஹா, சரியாயிடுச்சே!" என்று தட்டிக் கொடுத்தாள். அவளுக்குச் சரிதான். ஆறாம் வகுப்பில் நான் எறிந்த கார்க் பந்து பட்டு அவனுக்கு இடது புருவத்தில் மூன்று தையல். அந்தத் தழும்பு இப்போது வலது புருவத்தில் இருந்தது. வகிடும் மாறியிருந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தவன் எனக்குத் தெரியாத ஒருவன்.

அப்படியே வைத்துவிட்டோம். படம் ஆறு நிமிஷம். அவனுக்கு அனுப்பினேன், கட்டைவிரல் ஒன்று வந்தது. தாதா க்ளப்பில் போட்டுக் காட்டி, தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவைத்தார். அப்பா முன்வரிசையில் இருந்தார். விளக்குக்காரன் பேசும்போதெல்லாம் அவர் உதடும் அசைந்தது, அவருடைய தமிழில்.

திரும்பி நடக்கையில் கேட்டார். "அவனுக்காவ ரெண்டு நாள் நிப்பாட்டி வச்சமே, அதுக்கு மொத்தம் எவ்வளவுல ஆச்சு?"

தாதா கொடுத்த சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அவருக்காக வாய்விட்டுப் படித்தேன். மூங்கில் வாடகையும் ஆள் கூலியும் சேர்த்து, ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.